முப்பது குஞ்சுகளைக் காப்பாற்றிய புண்ணியவான்

ஓர் ஏரியை நாசம் செய்ய எனக்குத் தேவைப்பட்டவை ஒரு மண்பானையும் கொஞ்சம் இரக்கமும்தான். விஷமோ வெடியோ வேண்டியிருக்கவில்லை. இன்டர்மீடியட் முதல் வருடம் படித்த திமிர் கூட இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

இப்போது நான் சித்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். மூத்த மகள் திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். லீவுக்கு வந்து இறங்கினால் மற்ற அப்பன்மார்கள் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார்கள். நான் அவள் பையை வாங்கித் தரையில் கவிழ்ப்பேன். செடியா, விதையா, பாட்டிலில் ஏதாவது நீந்துகிறதா என்று பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். போன மாதம் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பூச்செடிக் கிளை அகப்பட்டது. "பூ அழகா கீதேன்னு எட்தாந்தேன் நைனா" என்றாள். அதை அடுப்பில் போட்டேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. இந்தக் கதையில் சிரிக்கிற பகுதியை மட்டும்தான் அவளுக்கு இதுவரை சொல்லியிருக்கிறார்கள். மீதியை நான் எழுதிவிடுகிறேன்.

ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து, எல்லைக்கோடு எங்கே விழும் என்று தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம். நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், தமிழ் பேசும் ஊர். ஏரிக்கு எதிர்க்கரையில் இருந்தது தெலுங்கு பேசும் ஊர். ஏரி இருவருக்கும் பொது. எங்கள் ஊர்ப் பெரியதனம் என் நைனா, கன்னியப்பன். எதிரூர்ப் பெரியதனம் ராமையா. இவர் அவரை 'மச்சான்' என்பார், அவர் இவரை 'பாவா' என்பார். எல்லை யார் பக்கம் போனாலும் இந்த முறை போகாது என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது திருப்பதியில் படித்தேன். திருச்சானூரில் அறை. சனிக்கிழமை ஊருக்கு வந்தால் பஸ் ஸ்டாப்பில் நின்று சொற்பொழிவு. "நம் மண்! நம் ஏரி! ஒரு சொட்டுத் தண்ணீரையும் விட்டுக்கொடுக்க மாட்டோம்!" (எதிரே நின்று கேட்டவர்கள் பஸ்சுக்குக் காத்திருந்தவர்கள் என்பதை நான் கவனித்ததில்லை.) அந்த ஏரியில் என்னென்ன மீன் இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் விரால் என்று ஒன்றைச் சொல்லிவிட்டு எச்சில் விழுங்கியிருப்பேன். கெளுத்தி, அயிரை, உளுவை, கெண்டை என்று ஊரில் அஞ்சு வயசுப் பிள்ளை விரல் விட்டு எண்ணும். எனக்குச் சொற்பொழிவுதான் வந்தது.

மதராசில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் என் அறைக்கு ஒரு பானையோடு வந்தான். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு மீன்.

"ஆப்பிரிக்கா மீன்டா. எந்தத் தண்ணியிலயும் வளரும், எதைப் போட்டாலும் திங்கும். வச்சிக்கோ" என்றான்.

அது எதையுமே தின்னவில்லை. பொரி போட்டேன், சோறு போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டினி கிடந்தது. ஒரு வாரம் கழித்துக் காலையில் பார்த்தால் அதைச் சுற்றி எள்ளு இறைத்த மாதிரிக் குஞ்சுகள். எண்ணினேன், முப்பது. ஒற்றை மீன் இருந்த பானைக்குள் குஞ்சுகள் எப்படி வந்தன, முட்டை எங்கே இருந்தது என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நான் இன்டர்மீடியட்டில் எடுத்திருந்தது சரித்திரம்.

அன்றைக்கே வீட்டுக்காரர் பானையை எட்டிப் பார்த்துவிட்டார். "ஏமப்பா, தாயார் கோயில் பக்கத்துல மீனா? சதுவுகோனு, படிக்க வந்தியா, சந்தை போட வந்தியா? இப்பவே எடுத்துக்கினு போ. இல்லன்னா உன்னையும் அதோட சேத்து வீதியில வெச்சிடுவேன்."

பானையை மடியில் வைத்துக்கொண்டு நகரி பஸ் ஏறினேன். புத்தூர் வரை குலுங்கிய குலுக்கலில் பாதித் தண்ணீர் என் வேட்டியில். பானைக்குள் பார்த்தேன். குஞ்சுகளைக் காணோம். ஒன்றுகூட இல்லை. தாய் மீன் மட்டும் கன்னம் உப்பி, வாயை இறுக மூடிக்கொண்டு, என்னையே பார்த்தது.

பெற்ற குழந்தைகளைத் தின்றுவிட்டது! பக்கத்தில் உட்கார்ந்திருந்த முறுக்கு விற்கிற அம்மாளிடம் சொல்லிவிட்டேன். "அப்படியும் ஒரு தாயா?" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு வேகம் பிறந்தது. ஊர் வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஏரிக்கரைக்குப் போனேன். மீனைப் பிடித்து, வாயை விரலால் பிளந்து, தண்ணீருக்கு மேலே பிடித்து உதறினேன். குஞ்சுகள் பொலபொலவென்று விழுந்தன. அத்தனையும் உயிரோடு! கரையோரத் தண்ணீரில் சுழன்று நீந்தின. ஒன்றிரண்டு திரும்பத் திரும்ப என் விரலை நோக்கி வந்தன. நன்றி சொல்ல வருகின்றன என்று நினைத்தேன்.

"போங்க, பொழச்சிக்குங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பிறகு அந்தக் கொலைகாரத் தாயைக் கரைமேல் வீசினேன். பருந்து ஒன்று தூக்கிக்கொண்டு போனது. நியாயம் நடந்துவிட்டது என்று வேட்டியைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு தின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்தவன் சொல்லிக்கொள்ளக் கூடாது அல்லவா!

எல்லைச் சங்கதி முடிவாக இரண்டு மூன்று கோடை ஆயிற்று. அதுவரை ஏரியில் யாரும் வலை போடக் கூடாது என்று இரண்டு ஊரும் நிறுத்தி வைத்திருந்தன. எங்கள் ஊர் மதராஸ் பக்கம், எதிரூர் ஆந்திரா பக்கம் என்றார்கள். அந்த வருடம் வைகாசியில் ஏரி வற்றியதும், பழைய வழக்கப்படி இரண்டு ஊரும் சேர்ந்து மீன் பிடிப்பது என்று நைனாவும் ராமையாவும் பேசி முடித்தார்கள். இதற்கு மேல் எப்படியோ, இந்த ஒரு முறை ஒன்றாக இறங்கிவிடுவோம் என்றார்கள். ஊத்தாக் கூடை, வலை, சேலைத் தலைப்பு, கையில் அகப்பட்டதோடு எல்லோரும் சேற்றில் இறங்கினார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் விரால் குழம்புக்காகவே வந்திருந்தார்கள். புளி கரைத்து வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

முதல் வலையில் உள்ளங்கையில் பாதியளவு சாம்பல் நிற மீன்கள், முதுகில் முள்ளோடு. இரண்டாவதிலும் அதே. மதியம் வரை அதே. விரால் ஒன்றுகூட இல்லை. கெளுத்தி இல்லை, அயிரை இல்லை. ஏரித் தரை முழுவதும் தட்டுத் தட்டாகப் பள்ளம் பறித்து வைத்திருந்தன அந்தச் சனியன்கள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கன்னத்தை நான் எங்கேயும் அடையாளம் சொல்லுவேன்.

ராமையா சேற்றிலிருந்து ஏறி வந்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக 'பாவா' இல்லை. "ஏமய்யா கன்னியப்பா! மதராசுக்குப் போறவங்க போங்க. போற போக்குல எங்க செருவ ஏன்யா கெடுத்தீங்க?"

"யோவ், யார்கிட்ட இன்னா பேசற? எங்க ஏரி இல்லியா இது? எங்க வாயில நாங்களே மண்ண போட்டுக்குவமா?"

"மீவாள்ளே! உங்க ஆளுங்கதான் எதையோ கொட்டிட்டாங்க!"

"கொட்டினது உங்க பசங்களா இருக்கும்!"

ஊத்தாக்கள் கீழே போய் மூங்கில் கழிகள் மேலே வந்தன. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். நைனா கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். கரையில் இருந்த கங்கம்மா கல்லுக்கு முன்னால் போய் நின்றார்.

"கற்பூரம் கொண்டா. எங்க ஊர்ல ஒருத்தன் இத்த செஞ்சிருக்க மாட்டான். அணைச்சி சத்தியம் பண்றேன். நான் சொன்னது பொய்யின்னா என் வம்சம் வெளங்காம போவட்டும்."

அவருடைய வம்சம் பத்தடி தூரத்தில், சேற்றில், அரைக்கால் சட்டையோடு நின்றுகொண்டிருந்தது. அவருக்கு நான் ஒரே பிள்ளை.

கற்பூரம் எரிந்தது. நைனா அதை அணைக்கக் கை ஓங்கினார். பொய் என்று தெரியாமல் சத்தியம் செய்யப் போகிறார். என் நாக்கு, பஸ் ஸ்டாப்பில் மணிக்கணக்காகப் பேசிய நாக்கு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓடினேன். வழுக்கி விழுந்து, சேற்றோடு தவழ்ந்து போய், எரிகிற கற்பூரத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். (தழும்பு இன்னும் இருக்கிறது. மாணவர்களிடம் விஞ்ஞானப் பரிசோதனை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.)

"நைனா, வாணாம். நான்தான்."

நைனா ஓங்கிய கையை இறக்கினார்.

"நான்தான் வுட்டேன். முப்பது குஞ்சு. தாயி துன்னுடுச்சி... வாயிலேர்ந்து காப்பாத்தி வுட்டேன்."

எதிரூரில் வலை போடுகிற அங்கம்மா, என் வயதுக்காரிதான், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து வாயைப் பிதுக்கினாள். சேற்றுக் குட்டைக்குள் குஞ்சுகள் கொட்டின. பிறகு அந்த மீனை அதே குட்டையில் விட்டாள். குஞ்சுகள் எல்லாம் ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்து தாயின் வாய்க்குள் மறுபடியும் புகுந்துகொண்டன. அது வாயை மூடிக்கொண்டு கன்னத்தை உப்பிக்கொண்டது.

"பாத்தியா? இது துன்றதா? பயத்துல ஒளிச்சி வச்சிக்கினு கீது. காலைலேர்ந்து இதத்தான் பாத்துக்கினு கீறேன். காலேஜி படிச்சவருக்கு இது தெரியலியா?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு இரண்டு கரையும் சிரித்தது. கழியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள், சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். ராமையா கண்ணைத் துடைத்துக்கொண்டு நைனாவின் தோளில் கை போட்டார். "போனி பாவா, போனி. வுட்டுத் தள்ளு. உன் கொடுக்கு, உன் புள்ள, ரொம்ப தர்மாத்முடு!"

நைனா சிரிக்கவில்லை. என் கையைத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தார்.

"தாய இன்னா பண்ண?"

"பருந்துக்குப் போட்டுட்டேன் நைனா."

அவர் கையை விட்டுவிட்டுக் கரையேறிப் போனார்.

பொரி தின்னாமல் அது ஏன் கிடந்தது என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. வாய் முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எதைத் தின்னும்? என்னுடைய பிள்ளைகள் பிறந்து, காய்ச்சலில் படுத்து, பஸ் ஏறி வெளியூர் போகத் தொடங்கிய பிறகு, அந்த உப்பிய கன்னம் என் கனவில் அடிக்கடி வருகிறது.

அந்த மீனை ஒழிக்க இரண்டு ஊரும் செய்யாதது இல்லை. அடுத்த கோடையில் குட்டை குட்டையாக இறைத்து, சேற்றைக் கிளறி, வெயிலில் காய விட்டார்கள். மழை வந்தது. எந்த மாட்டுக் குளம்புப் பள்ளத்தில் ஒளிந்திருந்ததோ, மீனும் வந்தது. விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாய் மிதந்தால் அடியில் தாய் காவல் நிற்கும், அந்தப் பக்கம் வலை வீசக் கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொதுவான கட்டுப்பாடு. இப்போது அந்தக் கட்டுப்பாட்டை மீற நினைத்தாலும் வழியில்லை. மிதக்க விராலே இல்லை.

எல்லைக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. வேறு ஊர்களில் ஜிலேபி என்று சொல்லும் அந்த மீனுக்கு எங்கள் கரையில் 'தணிகாசலம் மீனு' என்று பெயர். எதிர்க்கரையில் 'தணிகாசலம் சேப்ப'. தணிகாசலம் நான்தான். திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு எனக்கு வைத்த பெயரை மீனுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று அம்மா தணிகைமலை ஏறி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். என் மனைவி கல்யாணம் முடிந்து வந்த முதல் வாரம், வாசலில் கூடைக்காரி "தணிகாசலம், உயிரோட தணிகாசலம்!" என்று கூவியதைக் கேட்டு, பதறிப்போய் வெளியே ஓடினாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையிலிருந்து குரல் வரும். "இன்னாங்க, உங்கள வறுக்கட்டுமா, கொழம்பு வைக்கட்டுமா?" பிள்ளைகள் உருண்டு சிரிக்கும்.

நைனா மட்டும் கடைசிவரை அந்த மீனைத் தொடவில்லை. மற்ற எல்லோரும் ஏரியில் வேறென்ன இருக்கிறது என்று திட்டிக்கொண்டே தின்றபோது, அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். கோபம் தீரவில்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் மனைவி தட்டில் ஒரு துண்டு வைத்து, "இன்னும் எத்தினி நாளைக்கு மாமா? துன்னுங்க" என்றாள்.

அவர் தட்டை மெதுவாக நகர்த்தினார்.

"நல்ல மீனுதாம்மா. பெத்த புள்ள பேர வச்சிட்டானுங்களே. எப்டி கடிக்கறது?"