மாப்பிள்ளை குட்டையில் இறங்கிய விவரம்

மதிப்பிற்குரிய திருமால் மாமாவுக்கு,

மாரண்டஹள்ளியிலிருந்து உங்கள் அக்கா மகன் குரு எழுதுவது. இங்கே நான் மட்டும் நலம், மற்ற எல்லோருக்கும் சளி. ஓசூரில் நீங்களும் அத்தையும் நனையாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் போனை அப்பா பீரோவில் பூட்டிவிட்டதால் இதைத் தக்காளி வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ராதிகா அக்காவுக்கு நீங்கள் பார்த்த பென்னாகரத்து மாப்பிள்ளை சத்யராஜும், அவர் அப்பா ராஜாமணியும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. காபியில் சர்க்கரை போட மறந்தாள். அவரும் அதைக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அப்புறம்தான் கரண்ட் போனது. மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குளிக்க இடம் இருக்கிறதா என்று கேட்டார். கிணற்றில் தவளைக்கே முட்டிவரைதான் தண்ணீர். ஏரியில் நாங்கள் கிரிக்கெட் ஆடுகிறோம். கரண்ட் இல்லாமல் பம்புசெட்டும் ஓடாது. மிச்சமிருந்தது தக்காளித் தோட்டத்துப் பண்ணைக்குட்டை. தண்ணீரை மண் குடிக்காமலிருக்கச் சரிவெல்லாம் கருப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்தது, உங்களுக்கே தெரியும். ஆழம் நெஞ்சளவுதான், ஆனால் ஷீட் முழுக்கப் பாசி. இறங்க எதுவும் வேண்டாம், ஏறக் கயிறு வேண்டும். அந்தக் கயிற்றை அப்பா அவிழ்த்துக்கொண்டு போய், விருந்தாளிகளை முட்டாமலிருக்க மாட்டைக் கட்டியிருந்தார். இதையெல்லாம் நான் சொன்னேன் மாமா, சத்தியமாகச் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தம்பி, நான் காவேரியில நீந்துறவன். ஒகேனக்கல் சுழியே என்னை ஒண்ணும் பண்ணல, இந்தத் தொட்டியா பண்ணப்போவுது?" என்றார்.

தொட்டி பண்ணியது. பல்லி போல ஏறினார், வெண்ணெய் போல இறங்கினார், திரும்பத் திரும்ப. நான் வீட்டுக்கு ஓடி, மாப்பிள்ளை குட்டையில் மாட்டிக்கொண்டார், மாட்டுக் கயிறு கொடுங்கள் என்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பொங்கலன்று மாடு கிணற்றில் விழுந்துவிட்டதாக நான் தெருவையே ஓடவிட்டது அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. "வந்தவங்க முன்னாடி உன் வேலையக் காட்டாதடா" என்றாள். ராஜாமணி மட்டும் பையன் துடியாக இருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்க்க வந்து, மகனுக்குக் கை கொடுத்து, கரைவேட்டியோடு உள்ளே போனார். நான் திரும்ப ஓடி, இப்போது இரண்டு பேர் என்றேன். அப்பா என்னை அடிக்கக் குச்சியோடு வந்தார், பார்த்துவிட்டு அதே குச்சியை அவர்களிடம் நீட்டினார், அவரும் போனார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை மாமா. பொய் சொன்ன நாளில் ஒருத்தரும் நனையவில்லை. உண்மை சொன்ன அன்று ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் தண்ணீரில்.

கடைசியில் அக்காதான் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, கயிற்றை டிராக்டரில் கட்டி, மூவரையும் பூச்சரம் போல வெளியே இழுத்தாள். அவிழ்ந்த மாடு சும்மா இருக்குமா, ராஜாமணியை முட்டித் திரும்ப உள்ளே அனுப்பியது. மறுபடி இழுத்தாள். மேலே வந்ததும் அவர் என்னிடம், "நெஜத்தச் சொல்லுடா, எல்லாம் உன் ஏற்பாடுதான?" என்றார். "இல்லீங்க" என்றேன். நான் ஆமாம் என்றது போல எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவின் லுங்கிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்கள்.

அதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்கா சாப்பிடுவதில்லை. என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இது விளையாட்டு இல்லை, பையன் எச்சரித்தான் என்று நீங்கள்தான் ராஜாமணியிடம் சொல்ல வேண்டும். அத்தைக்கு என் வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை நிரபராதியான
குரு

பின்குறிப்பு: வண்டி இன்னும் கிளம்பல மாமா. மாப்பிள்ளை இப்பத்தான் அக்காவுக்குப் போன் பண்ணார். காவேரிப் பக்கத்து ஆளுங்க நெஞ்சளவு தண்ணியில ஏறத் தெரியாம நின்னாங்கன்னு வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு, அவங்கப்பா பென்னாகரம் முழுக்க, "அந்தப் பொடியன் திட்டம் போட்டு இறக்கிட்டான், பொண்ணுதான் காப்பாத்துச்சு"ன்னு சொல்லி வெச்சிட்டாராம். அந்தப் பொண்ணேதான் மருமகளா வரணுமாம். நிச்சயத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்புக் கேட்டா போதுமாம். அக்கா இப்ப ரெண்டாவது தட்டு சாப்பிடறா. அதனால மேலே எழுதினது அத்தனையும் பொய். நான்தான் பண்ணேன். எப்படிப் பண்ணேன்னுதான் தெரியல, நிச்சயத்துக்குள்ள நீங்களே யோசிச்சு ஒண்ணு சொல்லிக் குடுங்க.