கொம்புச்சாமி உறிஞ்சிய குதிகால்

அந்த வருஷம் அனுமந்தன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களில் பாதிப் பேர் நொண்டிகள். மீதிப் பேர் அவர்களைத் தாங்கிப் பிடித்தவர்கள். ஆளுக்கொரு சேவல் அக்குளில். கொம்புச்சாமிக்குக் காணிக்கை அதுதான். ஒடிந்த இடத்தில் மாட்டுக்கொம்பை வைத்து உறிஞ்சுவார்; தட்டில் எலும்புச் சில்லைத் துப்புவார். கத்தியில்லை, ரத்தமில்லை. உயிரை விட்டது சேவல் மட்டும்தான்.

சுருளியாண்டியும் போனான். தென்னையிலிருந்து நின்ற வாக்கிலேயே விழுந்து, வலது குதிகால் எலும்பை அப்பளமாக நொறுக்கிக்கொண்டவன். "காலை உயர்த்திப் படு. வீக்கம் வடிந்து தோல் சுருங்கினால்தான் கீறி, அமுங்கின எலும்பைத் தூக்கிக் கம்பி வைக்க முடியும். ரெண்டு வாரம் தாண்டினால் கோணலாகக் கூடிவிடும். அப்புறம் மரமேற்றத்தை மறந்துவிடு" என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இடையில் சாமி ஒருமுறை உறிஞ்சினார். பத்தாம் நாள் வீக்கம் தானாக வடிந்தது. புகழ் சாமிக்குப் போனது.

"கத்தி வேணாம் புள்ள. இன்னொருக்க உறிஞ்சுனா மரம் ஏறிருவேன்" என்றான் சுருளியாண்டி.

அவன் பெண்டாட்டி அன்னத்தாய் புரோட்டாக் கடையில் கோழி அரிகிறவள். "அன்னிக்கு அவரு துப்புனது கோழி எலும்பு மாமா. தெனம் அரியுற எனக்குத் தெரியாதா?"

"சாமி குத்தமாயிரும்டி!"

"சரி, நல்ல கால்ல கட்டுப் போட்டுக் கூட்டிப் போறேன். சாமி கண்டுபிடிச்சுட்டா நான் வாயத் தொறக்கல. இல்லாட்டி மதுரைக்கு வரணும்."

பன்னிரண்டாம் நாள், இடது காலில் பூசணிக்காய் அளவு கட்டு. வலதை வேட்டி மூடியிருந்தது. தினம் நூறு கால் பார்க்கிறவருக்கு எது எவருடையது என்று ஞாபகமிருக்குமா? கட்டின் மேலேயே கொம்பை வைத்து உறிஞ்சினார். டங், டங், டங். மூன்று சில்லு.

"எல்லாம் வந்துருச்சு. எந்திரிச்சு நட!"

"அது நல்ல காலு சாமி. ஒடிஞ்சது இந்தா, இங்கன இருக்கு" என்று அன்னத்தாய் வேட்டியை விலக்கினாள்.

கூட்டம் எட்டி வலது காலைப் பார்த்தது. பிறகு மார்க்கையன்கோட்டைப் பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீகளா! வலது கால் எலும்ப இடது கால் வழியா எடுத்துப்புட்டாக!"

"ஆமாமா!" என்றது கூட்டம். சுருளியாண்டிக்கே நம்பலாம் போலத்தான் இருந்தது.

அன்னத்தாய் செம்புத் தண்ணீரை நீட்டினாள். "வாயக் கொப்புளிச்சிட்டு இன்னொருக்க உறிஞ்சுங்க சாமி."

அடுத்த ஆளுக்கென்று கடைவாயில் ஒதுக்கியிருந்த சில்லைச் சாமி அவசரமாக விழுங்கினார். அது பாதி வழியில் நின்றுகொண்டது. கண் பிதுங்கியது, எச்சில் வடிந்தது, பேச்சு வரவில்லை.

மதுரை பஸ்ஸில் சாமிக்கும் சுருளியாண்டிக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். அவன் மரியாதையாகத்தான் கேட்டான்: "கொம்ப எடுத்தாந்தீகளா சாமி?"

ஆஸ்பத்திரியில் சாமியின் தொண்டைக்குள் இடுக்கி விட்டுக் கோழி எலும்பை எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சுருளியாண்டியின் குதிகாலைக் கீறிக் கம்பி வைத்தார்கள். மறுவருஷம் அவன் மரமேறினான்.

தன் தொண்டைக்குச் சாமி ஏன் கொம்பு வைத்துக்கொள்ளவில்லை என்று அனுமந்தன்பட்டிக்கு வந்துபோனவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். நல்லதுதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே யோசித்திருந்தால் சேவல்களாவது பிழைத்திருக்கும்.