வலது பாதி

"வினோதினி, செத்த இங்க வாயேன். கத்தாம வா."

கத்தாமல் வா என்று புருஷன் கூப்பிட்டால் எந்தப் பெண்டாட்டி நிதானமாக நடந்து வருவாள்? பட்டுப்புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தாள் வினோதினி. வந்து கத்தத்தான் செய்தாள்.

தமிழ்மணியின் இடது உள்ளங்கையில் விமானம் ஒட்டிக்கொண்டிருந்தது. முழு விமானம்கூட இல்லை, பாதி. மூக்கிலிருந்து வால்வரை நெடுக்காகப் பிளந்த பிளாஸ்டிக் உடம்பின் இடப்பக்கம். ஒரு சாண் நீளம்.

"இன்னிக்கு எங்க போறோம்னு ஞாபகம் இருக்குதா?"

"சிதம்பரம். உங்கண்ணன் வீட்டுக்கு. நம்ம பொண்ணு காயத்ரி கல்யாணப் பத்திரிகை வைக்க."

"அங்க போயி எந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்?"

தமிழ்மணி கையைப் பார்த்தார். "இந்தப் பேச்சத்தான்."

திருப்பாதிரிப்புலியூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தமிழ்மணிக்கு விமான மாடல் கட்டுவதில் அப்படியொரு பைத்தியம். அதிலும் பெட்டியில் துண்டு துண்டாக வரும் பழைய கிட்டுகள்தான் வேண்டும். "புதுசெல்லாம் டப்பாவத் தொறந்தா தானாவே சேந்துக்குது சார், அதுல நமக்கு என்னா வேலை?" என்பார். பழசு லேசில் படியாது. றெக்கை கோணும். கண்ணாடி மூடி உட்காராது. இடுக்கில் மக்கு அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அடைத்து, மறுபடி தேய்த்து, மாதக்கணக்கில் உயிரை வாங்கும். கடைசியில் ஒருநாள் விரலை ஓட்டினால் இடுக்கு இருந்த இடமே தெரியாது. சேராததைச் சேர்த்துவிட்டோம் என்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மனுஷன் இவ்வளவும் படுகிறார். அலமாரி நிறைய விமானங்கள். சேராமல் கிடப்பது இந்த ஒன்றுதான்.

இது அவர் அரை டிராயர் போட்ட காலத்தில் வந்தது. கப்பலில் வேலை பார்த்த சின்ன மாமா, தமிழ்மணிக்கும் மாமன் மகன் கொளஞ்சியப்பனுக்கும் பொதுவாகக் கொண்டுவந்த கிட். பெட்டிக்குள் புரியாத மொழியில் ஒரு படத்தாள், இரண்டு பாலிதீன் உறைகள். ஆளுக்கு ஓர் உறை, அவரவர் வீட்டில் தேய்த்து வந்து சேர்ப்பது என்று பேச்சு. சேர்ப்பதற்குள், முடிந்த விமானம் யார் வீட்டில் நிற்பது என்று சண்டை வந்துவிட்டது. "உன் பாதியக் குடு." "நீ மொதல்ல குடு." காட்டினால் பிடுங்கிக்கொள்வான் என்று பயந்து, ஒருவன் பாதியை இன்னொருவன் கண்ணில்கூடக் காட்டவில்லை. தன்னிடம் இருப்பது இடப்பக்கம் என்று படத்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார் தமிழ்மணி. ஆக, வலப்பக்கம் கொளஞ்சியிடம்.

பெரியவர்கள் இந்தக் கூத்தையெல்லாம் மதிப்பார்களா? கொளஞ்சியின் தங்கை வினோதினியைத் தமிழ்மணிக்கே கட்டிவைத்தார்கள். காயத்ரிக்குக் காது குத்தும்போதுதான் வெடித்தது. குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கிறது, ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். சீர்த்தட்டுகளைப் பார்த்த தமிழ்மணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எல்லாம் வச்சிருக்க மச்சான், வலது பாதிய மட்டும் காணோமே?" என்றார். விளையாட்டாகத்தான்.

"திருடுனவன் நீ, கேள்வி எங்கிட்டயா?" என்று குழந்தையை இறக்கிவிட்டுப் போன கொளஞ்சியப்பன் அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள் காயத்ரி. அவள் பெரியவளானபோதும் மாமன் சீர் இல்லை. மாமியார் சாவில்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது காயத்ரி ஒரே பிடியாக நிற்கிறாள். "மாமா வந்து நின்னாத்தான் தாலி. இல்லாட்டி கல்யாணமே வேணாம்."

"இன்னிக்குப் பாத்து அத எதுக்கு எடுத்தீங்க?" என்றாள் வினோதினி.

"வலது பாதியக் குடுத்தான்னா அங்கயே மூடிரலாமேன்னு உள்ள பைலட் சீட்ட ஒட்டினேன். பசை ஜன்னல் ஓட்ட வழியா கைக்கு எறங்கிடிச்சி."

"அப்ப கேக்கத்தான் போறீங்க!"

முதலில் வெந்நீர். கை சிவந்ததே தவிர விமானம் அசையவில்லை. அடுத்து தேங்காய் எண்ணெய். சட்டை நனைந்தது. காயத்ரி நெயில் பாலிஷ் கரைக்கும் திரவத்தை எடுத்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் ஊற்றினாள். பசை அப்படியே இருக்க, பிளாஸ்டிக் இளகிவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது இப்போது நாலு விரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டது.

"ராகுகாலம் வருது. அப்படியே கெளம்புங்க" என்று பழைய வேட்டியைக் கிழித்து, விமானத்தோடு சேர்த்துக் கையைப் பந்தாகச் சுற்றிவிட்டாள் வினோதினி.

பஸ்ஸில் வினோதினி பக்கத்தில் இடம் கிடைத்தது. முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "அடடே, கொளஞ்சி தங்கச்சியா?" என்றார். கொளஞ்சியப்பன் தெருவிலேயே குடியிருக்கும் பொன்னுரங்கம். "மாப்ளைக்குக் கையில என்னா?"

வினோதினிக்கு வாயில் வந்தது அதுதான். "ஒடிஞ்சிடிச்சிங்க."

"எப்படி?"

"வண்டியிலேருந்து..." என்று ஆரம்பித்தார் தமிழ்மணி.

"மாடிப்படியிலேருந்து..." என்றாள் வினோதினி அதே நேரத்தில்.

பொன்னுரங்கம் இரண்டையும் சேர்த்துக்கொண்டு போனை எடுத்தார்.

குடிகாடு தாண்டியதும் தமிழ்மணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனசு ஆறவில்லை. கோயில் குளத்தில் முதுகில் ஏற்றிவைத்து நீச்சல் பழக்கியவன் கொளஞ்சி. பரீட்சைக்குப் பேனா இல்லாதபோது தன் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பென்சிலால் எழுதியவன். அவன் இல்லாமல் ஒரு பொங்கலா, ஒரு தீபாவளியா? இந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காகவா? நாம கேட்டது தப்பு, சபையில் கேட்டது அதைவிடத் தப்பு. வெட்கமாக இருந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே ஒரு ஆட்டோ தயாராக நின்றது. பக்கத்தில் தலை முழுக்க நரைத்துப்போன ஒருவர். கொளஞ்சியப்பன் என்று புரியவே தமிழ்மணிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மச்சான்!" என்று ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "மாடியிலேருந்து வண்டியோட வுழுந்துட்டியாமே! கை போச்சின்னா நீ எப்படிய்யா விமானம் கட்டுவ?"

தமிழ்மணிக்கும் அழுகை வந்துவிட்டது. இந்தக் கட்டை ஆயுசுக்கும் பிரிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

வீட்டில் கொளஞ்சியின் மனைவி எழிலரசி காபியும் கிண்ணத்தில் சூடான வேப்பெண்ணெயுமாக வந்தாள். "யாரு அண்ணே கட்டுனது இத? கொழுக்கட்ட மாதிரி இருக்குது. பிரிங்க, எண்ணெ போட்டுத் திருப்பிக் கட்டிருவோம்."

"வேணாம்மா, வலியே இல்ல."

"வலியே இல்லியா?" கொளஞ்சி பதறினார். "அப்ப நரம்பு போயிடிச்சின்னு அர்த்தம்!"

"இல்ல, வலிக்குது, ரொம்ப வலிக்குது."

"வலிச்சா எண்ணெ போட்டே ஆவணும்."

"அண்ணே, மொதல்ல பத்திரிகைய வாங்கிக்க" என்று வினோதினி தட்டை எடுத்தாள். அண்ணன் கேட்டால்தானே. மச்சான் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பிரிப்பதுபோல் பதமாகச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்றில் மூக்கு வந்தது. அப்புறம் ஜன்னல். அப்புறம் வால்.

கொளஞ்சியப்பனின் முகம் மாறியது. கையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். காதுகுத்தில் காயத்ரியை இறக்கி வைத்தாரே, அதேபோல. விறுவிறுவென்று உள்ளே போனார்.

"போச்சு" என்றாள் வினோதினி. "எம் பொண்ணு கல்யாணம் போச்சு."

"மச்சான், மன்னிச்சிரு!" தமிழ்மணி அறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். "எனக்கு அந்தப் பாதி வேணாம். இதையும் நீயே வச்சிக்க. கை வந்தா கையோட வச்சிக்க. காயத்ரி கல்யாணத்துக்கு மட்டும் வந்து நில்லு. நான் கேட்டது தப்பு. அன்னிக்கே தப்பு."

கொளஞ்சியப்பன் வெளியே வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் துணி. துணிக்குள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய விமானப் பாதி.

"எனக்கு மட்டும் ஆசையில்லன்னு நெனச்சியா?" என்றார். "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இதுக்கும் பொட்டு வச்சிருக்கேன்யா. நீட்டு கைய."

தமிழ்மணி கையை நீட்டினார். கைகுலுக்கப் போவதுபோல் எதிரெதிரே நின்று இரண்டு பாதிகளையும் சேர்த்தார்கள். ஒன்றின் மூக்கு இன்னொன்றின் வாலில் முட்டியது.

"திருப்பிப் புடி மச்சான்."

"எனக்குக் கையோட ஒட்டிக்கிச்சி, நீ திருப்பு."

திருப்பினார். மூக்கோடு மூக்கு சேர்ந்தது. ஆனால் ஒன்றின் வயிறு மேலே போய்விட்டது.

"பழைய கிட்டு இல்லியா, அப்படித்தான் முரண்டு பண்ணும்" என்றார் தமிழ்மணி. நெற்றியெல்லாம் வியர்வை. "அமுக்கு."

அமுக்கினார்கள். மறுபடி திருப்பினார்கள். மறுபடி அமுக்கினார்கள்.

ஆறிப்போன வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்த எழிலரசி குனிந்து பார்த்தாள்.

"கோயில் வாசல்ல ஒரே காலு செருப்பு ரெண்ட மாட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்குதே, அண்ணே... அந்தப் பொட்டியில ரெண்டு ஒறையிலயும் கம்பெனிக்காரன் எடது பக்கத்தையேதான போட்டு அனுப்பியிருக்கான்?"