முதலாளி வெடிக்க மாட்டார் எனச் சான்று வேண்டி

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை டாக்டர் தருண்குமார் அவர்களுக்கு, சிவகாசியிலிருந்து மாமனார் கனகசபாபதி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை சுப்புத்தாயும் நலம். நீங்களும் மகள் பிரீத்தியும் நலமாயிருக்க பத்ரகாளி அம்மனை வேண்டுகிறேன். போன் போட்டால் எப்போதும் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறீர்கள், அதனால்தான் கடிதம்.

என் குடலிறக்கத்தைச் சரிசெய்து, ஊசி நூல் இல்லாமல் ஏதோ புரதப் பசையைத் தடவி, லேசர் வெளிச்சம் காட்டி வெட்டுக்காயத்தை ஒட்டி அனுப்பினீர்கள். அதில் குறையே இல்லை. ஆனால் பார்க்க வந்த பங்காளி முனியராஜ், தையலைக் காட்டச் சொல்லி, ஒரு கோடு மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஆபரேஷனே பண்ணலியா?" என்று கேட்டு, கொண்டுவந்த ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அது போகட்டும். தீபாவளி சீசனாயிற்றே என்று விஸ்வநத்தத்தில் இருக்கும் நம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனால், கேட்டிலேயே போர்மேன் சங்கிலிமுத்து மறிக்கிறான். "முதலாளி, வெளிச்சம் பட்டா வேல செய்யிற சாமான் ஒங்க வயித்துல இருக்காமே. உள்ள மருந்து கலக்குறாக. தீப்பெட்டி, போன் எது இருந்தாலும் முதலாளியவே விடாதன்னு நீங்கதான போர்டு மாட்டுனீக?" ஏலே, அது பசைலே, அன்னைக்கே காஞ்சு போச்சுலே என்று கத்தினேன். "இங்கன வெயிலு அடிக்குதே முதலாளி" என்கிறான். வந்த கோபத்தில் சட்டையைத் தூக்கி வயிற்றை வெயிலில் காட்டிக்கொண்டு நின்றேன், பாருலே, வெடிக்குதா பாருலே என்று. அந்த நேரம் பார்த்து ஆள் ஏற்றி வந்த வேன் நிற்க, இறங்கிய பெண்கள் எல்லாரும் எட்டப் போய் நின்றுகொண்டு சிரிக்கிறார்கள். மானம் போச்சு மாப்பிள்ளை! இப்ப என் சரக்கு லோடு ஏறுறத எதுத்த டீக்கடையில ஒக்காந்து பாக்குறேன். ஒரு பெட்டியத் தொட வழியில்ல. வயிறு எரியுதுன்னு வாய்விட்டுச் சொல்லவும் பயமா இருக்கு.

ஆகவே, ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் "மேற்படி கனகசபாபதி வெடிக்க மாட்டார்" என்று எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்து உடனே கூரியரில் அனுப்பவும். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
கனகசபாபதி

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்டதான் குடுத்தாக. சர்டிபிகேட் எதுவும் அனுப்பிராதீக. சங்கிலிமுத்துகிட்ட அந்த வெளிச்சக் கதையைச் சொல்லி வச்சதே நான்தான். பாரம் தூக்கக்கூடாதுன்னு நீங்க அம்புட்டு சொல்லியும், வீட்டுக்கு வந்த மறுநாளே லாரிக்குப் பெட்டி தூக்கக் கிளம்பிட்டாக. காயம் பிரிஞ்சிருமோன்னு எனக்கு உசுரே இல்ல. எழுதித்தான் ஆகணும்னா, தீபாவளி முடியிற வரைக்கும் வெடிப்பாருன்னே எழுதி அனுப்புங்க.