காதண்ணை கம்பனியை விற்ற கதை

செய்த சாமானை எவருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு கம்பனி நடத்திய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் வட்டுக்கோட்டையில் இருந்தார்.

அவர் செய்தது ஹெட்போன். பலா மரத்தில் கிண்ணம் கடைந்து, ஆட்டுத்தோலில் மெத்தை தைத்து, தலைமயிரை விட மெல்லிய கம்பியைக் கையாலேயே சுற்றி, மாதத்துக்கு இரண்டு செய்வார். ஜப்பானிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் இருக்கிற பாட்டுப் பைத்தியங்கள் அதற்காக வரிசையில் நின்றார்கள். ஊரில் அவரை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்தே கதைப்பார். அதனால் காதண்ணை.

நான் கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்த நேரம். இங்கிலீசில் கடிதம் எழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். காதண்ணை என் சான்றிதழ்களைத் தொடவேயில்லை. அடிமட்டத்தை எடுத்து வந்து என் இரண்டு காதுகளையும் அளந்தார்.

“இடது காது கொஞ்சம் கீழ இருக்கு. கண்ணாடி சரிஞ்சு சரிஞ்சு விழுமே?”

“ஓம் அண்ணை.”

“உண்மை சொல்லுற ஆள். நாளைக்கே வாரும்.”

என் வேலை மன்னிப்புக் கேட்பது. ஜேர்மன்காரர் ஒருவர் “என்னுடையது எப்போது வரும்?” என்று கேட்டால், “மாரி முடியட்டும், பலகை ஈரம் இழுத்திருக்கு எண்டு எழுதும்” என்பார். மாரி முடிந்தால் “வெயில் கூடிப்போச்சு எண்டு எழுதும்” என்பார். வட்டுக்கோட்டையின் காலநிலையை என் அளவுக்கு ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர் எவரும் இல்லை.

நோர்வேக்காரர் ஒருவருக்கு எப்படியோ ஒன்றை அனுப்பிவைத்தோம். மனிதர் பரவசப்பட்டு எழுதினார். பழைய இசைத்தட்டு ஒன்றில், பாடகி உட்கார்ந்திருந்த கதிரை கிரீச்சிடுவதுகூடக் கேட்கிறதாம். நான் வாசித்துச் சொல்ல, காதண்ணையின் முகம் வாடிவிட்டது.

“ஐசே, அந்தக் கதிரைக்கு ஆரும் எண்ணெய் விட ஏலாதோ எண்டு கேளும்.”

பிறகு ஒரு நாள் ஜப்பானிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். அவருடைய கணவர் இரண்டு வருடமாக எங்கள் வரிசையில் நின்றவர். போன மாதம் காலமாகிவிட்டார். அவருடைய இடத்தில் இனித் தான் நிற்கலாமா என்று கேட்டிருந்தார்.

வாசித்து முடித்தேன். காதண்ணை எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். அந்த மனிதரின் பெயர் எழுதிய பெட்டி உள்ளே இருந்தது.

“உது எப்ப முடிஞ்சது அண்ணை?”

“போன வருசம் பொங்கலுக்கு.”

“பிறகேன் அனுப்பேல்லை?”

“வலது பக்கத்தில சின்னதா ஒரு பிழை. கழட்டிப் பூட்டினன். பிறகு இடது பக்கம். பிறகு திரும்பவும் வலது.”

அன்று அவர் சாப்பிடவில்லை. பின்னேரம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

“ஐசே, கம்பனியை விப்பம். என்ரை கையில இருந்தா எல்லாரும் காத்திருந்தே செத்துப்போவினம்.”

வாங்க வந்தவர்களுக்குப் பரீட்சை வைத்தார். இரண்டு ஹெட்போனைக் கொடுப்பார். அதில் ஒன்று அந்த ஜப்பான்காரருடையது. “எதில பிழை, சொல்லுங்கோ” என்பார். கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் அரை நிமிடம் தலையை ஆட்டிவிட்டு, “ரெண்டுமே சுப்பர்!” என்றார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்று காதண்ணை எழுந்துவிட்டார். அடுத்து வந்தவர் காதிலேயே வைக்கவில்லை. “உதையெல்லாம் மெசினிலை செய்விக்கலாம்” என்றார். அவருக்குத் தேத்தண்ணியும் இல்லை.

மூன்றாவதாக வந்தவள் மாலதி. ரொறன்ரோவில் வளர்ந்த பொறியியலாளர். ஒரு மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிக் கேட்டாள்.

“அங்கிள், ரெண்டும் பிழை.”

காதண்ணை கதிரை நுனிக்கு வந்துவிட்டார். “என்ன பிழை, பிள்ளை?”

“இதில வலது பக்கம் துளி பிந்தி வருது. மற்றதில இடது பக்கம் ஒரு சின்ன இரைச்சல்.”

“பாத்தீரே ஐசே! இவ்வளவு காலமும் எனக்கு மட்டும்தான் விசர் எண்டு நினைச்சன்!”

“ஆனா ரெண்டையும் அனுப்பலாம்” என்றாள் மாலதி. “ஆக்கள் பாட்டுக் கேக்கத்தானே வாங்கினம்.”

காதண்ணை இரண்டு ஹெட்போனையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அனுப்பிற உந்தக் கடைசி வேலைதான் பிள்ளை எனக்குத் தெரியாது.”

அடுத்த கிழமை கம்பனி கைமாறியது. காதண்ணை தொடர்ந்து வேலை செய்யலாம், ஆனால் ஒட்டிய பெட்டியைத் தொடக் கூடாது என்பது மாலதி போட்ட ஒரே நிபந்தனை. முதலில் ஒட்டியது ஜப்பான் பெட்டி. கொண்டுபோக வந்த வானில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் காதண்ணையைக் காணோம். சைக்கிளையும் காணோம். பத்து நிமிடத்தில் வான் சாரதி போன் எடுத்தான்.

“அண்ணை, உங்கடை பழைய முதலாளி சித்தங்கேணிச் சந்தியிலை வானை மறிச்சுக்கொண்டு நிக்கிறார். பெட்டியைத் தரட்டாம்.”

ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். வானுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்தபடி நின்றார். பின்னால் ஒரு பஸ், இரண்டு லொறி, சந்தியில் அரைவாசிச் சனம். மாலதி சத்தம் போடவில்லை.

“அங்கிள், அந்த அம்மாவுக்கு நான் என்னெண்டு எழுத?”

கைகள் மெல்லக் கீழே இறங்கின. “போகட்டும்” என்றார்.

மறுநாள் காலை மாலதி சொல்ல நான் எச்சரிக்கைக் கடிதம் அடித்தேன். முதலாளியாக இருந்தவருக்கு அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காதண்ணை இரண்டு தரம் வாசித்தார்.

“வடிவான கடிதம். உப்பிடி ஒண்டை எனக்கு இருபது வருசத்துக்கு முந்தியே ஆரும் தந்திருக்கலாம்.”

ஜப்பானிலிருந்து பதில் வந்தது. சத்தம் அருமையாம். ஆனால் கணவரின் தலை பெரிது, தன்னுடையது சின்னது, குனிந்தால் கழன்று விழுகிறதாம். காதண்ணை துள்ளி எழுந்தார். “நான் சொன்னன்தானே, பிழை எண்டு!” அந்த அம்மாவின் தலை அளவைக் கேட்டு வாங்கி, சின்னதாக ஒரு தலைப்பட்டியும் புது மெத்தையும் மூன்றே நாளில் செய்தார். தானே பெட்டியையும் ஒட்டினார். தன் வாழ்நாளில் அவர் தன் கையால் ஒட்டிய முதல் பெட்டி அது.

போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டார். இப்போது மாதம் பன்னிரண்டு ஹெட்போன் போகிறது. வெள்ளிக்கிழமைகளில் வான் வரும். வான் போன கையோடு காதண்ணை சைக்கிளில் வந்து, படலையடியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பெட்டியெல்லாம் போய்விட்டதா என்று கேட்பார்.

“போட்டுதோ?”

“போட்டுது அண்ணை.”

உள்ளே வரமாட்டார். வந்தால் எதையாவது கழற்றிவிடுவோமோ என்று அவருக்கே பயம்.

போன வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மாலதி கணினியை மூடினாள், நான் கதவைப் பூட்டினேன். இருவருமாக அவர் வீட்டுக்குப் போய், போர்த்துக்கொண்டு கிடந்தவரின் கட்டிலடியில் நின்று, “போட்டுது அண்ணை” என்று சொல்லிவிட்டு வந்தோம்.