மந்திரி மறுத்த பாலம்

"இந்தக் குற்றச்சாட்டை நான் முழுமையாக மறுக்கிறேன்!"

புது மந்திரி எழுந்து நின்று இப்படிச் சொன்னதும் நாடாளுமன்றமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

ஏனென்றால், அவர்மேல் யாரும் எந்தக் குற்றமும் சாட்டவில்லை. அவருடைய கட்சி உறுப்பினர் ஒருவர், "எங்க ஊர் ஆத்துல பாலம் கட்டிக் கொடுத்த மந்திரியோட துறைக்கு நன்றி" என்றுதான் சொன்னார்.

என்ன செய்வது? இருபத்தாறு வருடம் கிரிமினல் வக்கீலாக இருந்தவர். மந்திரியாகி மூன்றே வாரம். எதிரே ஒருவர் எழுந்து எது சொன்னாலும் முதலில் மறுத்துவிட்டு அப்புறம்தான் யோசிப்பார்.

பக்கத்தில் இருந்த சீனியர் மந்திரி சட்டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், அவரு நன்றி சொல்றாருய்யா! ஏதாவது சொல்லிச் சமாளி."

சமாளித்தார். "உறுப்பினர் அந்தப் பாலத்தை நேரில் பார்த்தாரா? சாட்சி உண்டா?"

நன்றி சொன்னவர் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கட்சி வரிசையில் மேஜை தட்டும் சத்தம் கூரையைப் பிய்த்தது.

"இதுவாய்யா சமாளிக்கிறது?"

மந்திரி மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார். "அந்தப் பாலத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை! அந்த ஊர்ப் பக்கமே நான் போனதில்லை!"

அறைக்கு வந்து உட்காருவதற்குள் பிரதமரிடமிருந்து போன். "நம்ம ஆளையே கூண்டுல ஏத்திட்டீங்களே! சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா ராஜினாமாவோட வாங்க."

அதை வைத்ததும் மனைவி. "டிவில என்னங்க உளறிட்டு இருந்தீங்க?"

"அது நான் இல்ல."

"அந்தச் சட்டைக்கு இஸ்திரி போட்டதே நான்தான். என்கிட்டயேவா?"

மந்திரிக்கு அழுகையே வந்துவிட்டது. "பழக்கதோஷம்மா. வாயைத் தொறந்தாலே மறுப்புதான் வருது. தெருத்தெருவா அலைஞ்சு ஓட்டு வாங்குனேன். மூணே வாரத்துல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க போலிருக்கு."

"சரி, அழாதீங்க. நேரா அந்தப் பாலத்துக்குப் போங்க. மேல ஏறி நின்னு சிரிச்ச முகமா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. எல்லார் வாயும் மூடிக்கும்."

இத்தனை வருட வக்கீல் மூளைக்கு இது தோன்றவில்லை பாருங்கள். உடனே துறையின் தலைமை இன்ஜினியரைக் கூப்பிட்டார். மனிதர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"கிளம்புங்க. அந்தப் பாலத்து மேல நின்னு நாம ரெண்டு பேரும் போட்டோ எடுத்துக்கணும்."

இன்ஜினியர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ... நீங்க விஷயம் தெரிஞ்சு பேசலையா?"

"என்ன விஷயம்?"

இன்ஜினியர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தார்.

"போட்டோவுக்கு நிக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா. ஆனா அதுக்கு முதல்ல பாலத்தைக் கட்டணுமே!"