ஜெனிபரை எந்த ஊருக்கு ஆட அனுப்புறது

கள்ளக்குறிச்சி,
மே 19.

மதிப்புக்குரிய அருட்சகோதரி உபகாரமேரி அவர்களுக்கு,

தங்கள் உடன்பிறந்த தம்பி சேவியர்ராஜ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கு நானும் என் மனைவி அமலோற்பவமும் மகள் ஜெனிபரும் நலம். எனக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அதற்காகத் தாங்கள் ஜெபிக்க வேண்டாம், மாத்திரை சாப்பிடுகிறேன். ஜெபத்தை இந்தக் கடிதத்தின் விஷயத்துக்கு வைத்துக்கொள்ளவும். ஒடிசாவில் தங்கள் மடத்தில் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் மடத்து ஆபீஸ் போனை எப்போதும் வேறொரு சிஸ்டர் எடுத்து இந்தியில் ஏதோ கேட்கிறார். நான் "சிஸ்டர் வேணும் சிஸ்டர்" என்கிறேன். அவர் "எஸ், சிஸ்டர்" என்கிறார். அப்புறம் இரண்டு பேரும் மறுபடி ஒரு தடவை அதையே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். ஆகவே கடிதம்.

விஷயம் என்னவென்றால், ஜெனிபர் பி.காம். கடைசிப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். பேங்க் வேலைக்குப் படிப்பாள் என்று நாங்கள் இருக்க, அவள் டான்ஸையே தொழிலாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். துருகம் ரோட்டில் செல்போன் கடைக்கு மேலே டான்ஸ் கிளாஸ் நடத்தும் தமிழழகன் மாஸ்டரிடம் நாலு வருஷமாகப் போய்வருகிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். அவர் இவள் ஆடியதை வீடியோ எடுத்து ரெண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஒரு இடத்திலாவது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ரெண்டு பேரும் வா என்றுவிட்டார்கள், ரெண்டு பேரும் கட்டணம் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒன்று மெட்ராஸில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாஸ்டரின் குழு. ஆறு மாசம் பயிற்சி, பிறகு அவர் குழுவிலேயே இடம். இன்னொன்று பெங்களூரில், ரெண்டு வருஷப் படிப்பு, பிறகு என்ன என்று அவர்களுக்கே தெரியாதாம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தாங்கள் பதில் போட்டு அது இங்கே வந்து சேர்வதற்குள் தேதி போய்விடும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் தங்களைக் கேட்காமல் இதை நான் முடிவு செய்யக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல்ல அமலோற்பவம் சீட்டு போட்டுப் பார்க்கலாம்னா. என்ன ரெண்டு சீட்டு எழுதி மடிக்கச் சொல்லி, மாதா படத்துக்கு முன்னாடி வெச்சி, முழங்கால்ல நின்னு அருள் நிறைஞ்ச மரியே சொல்லி ஒண்ண எடுத்தா. பிரிச்சா கேஸ் புக் பண்ற நம்பர் இருக்குது. நான் அவசரத்துல என் சட்டைப் பையில இருந்த வேற காகிதத்த மடிச்சிக் குடுத்துட்டேன் போல. அவ அதையும் ஒரு அர்த்தமா எடுத்துக்கினு, மாதா புள்ளைய அடுப்படியிலயே இருக்கச் சொல்றாங்கன்னு சொல்ல, ஜெனிபர் ரெண்டு நாள் எங்க ரெண்டு பேர் கூடவும் பேசல. அதுக்கப்புறம்தான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வரலாம்னு கெளம்பினோம். (அக்கா, கையெழுத்து இதுக்கு மேல கோணலா இருந்தா மன்னிச்சிக்க. வெள்ளிமலை பஸ்ல இருந்து எழுதறேன், கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஆரம்பிச்சிடுச்சி. ஸ்கூல் லீவுதான், ஆனா சத்துணவு ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டைய எலி கடிக்குதுன்னு ஹெட்மாஸ்டர் வரச் சொல்லிட்டாரு.)

மெட்ராஸ் எனக்குப் புடிச்சிருந்திச்சி. உளுந்தூர்பேட்டை வழியா அஞ்சு மணி நேரம், எறங்கி ஒரு ஆட்டோ, அவ்ளோதான். அந்த மாஸ்டர் எங்களப் பார்த்ததும் மொதல்ல சாப்புட்டீங்களான்னு கேட்டாரு. கேட்டதோட விடாம இட்லி வாங்கியாரச் சொன்னாரு. உள்ளாற நாப்பது புள்ளைங்க வரிசையா நின்னு ஒரே மாதிரி கையத் தூக்குறாங்க, ஒரே மாதிரி எறக்குறாங்க. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்றவன் எட்டு வந்ததும் மறுபடி ஒண்ணுக்குப் போயிடறான். இருபது வருஷமா அரிசி மூட்ட எண்றவன் நான், எனக்கு ஒம்போது எங்கன்னு தவிப்பா இருந்திச்சி. ஜெனிபர கடைசி வரிசையில நிறுத்தி ஆட வெச்சாரு. நல்லாத்தான் ஆடுனா. மூஞ்சில சிரிப்பு வரணும் பாப்பா, ரெண்டு வருஷத்துல முன் வரிசைக்கு வந்துடுவன்னாரு. நல்ல மனுஷன், பொய் சொல்லல. திரும்பி வரும்போது எப்படி இருக்குதுன்னு கேட்டேன், இட்லி நல்லா இருந்திச்சுன்னா.

பெங்களூருக்கு சேலம் போய் மாறிப் போறதுக்குள்ள என் காலு ரெண்டும் வீங்கிடுச்சி. போனா அது பழைய குடோன் மாதிரி ஒரு பெரிய கொட்டா. ஒரு கண்ணாடி கெடையாது, பாட்டு கெடையாது. பதினஞ்சு இருவது புள்ளைங்க பேசாம தரையில கெடக்குதுங்க. சாப்புட்டீங்களான்னு ஒருத்தரும் கேக்கல. நான் சுவரோரமா ஒக்காந்து பார்த்துக்கினே இருக்கேன், ஒரு பொண்ணு நடந்து வந்துச்சி, நடந்து வந்தது தடால்னு உழுந்துச்சி, உழுந்தது கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. பக்கத்துல இருக்கறதுங்க சும்மா வேடிக்க பார்க்குதுங்க. வலிப்புன்னு நெனச்சிட்டேன். ஸ்கூல் ஸ்டோர் சாவிக் கொத்து என் பையில இருந்துச்சி, ஓடிப்போய் அந்தப் பொண்ணு உள்ளங்கையில அத வெச்சி அழுத்திப் புடிச்சிக்கினேன். வெள்ளிமலையில காக்கா வலிப்பு வந்த ஒரு புள்ளைக்கு நான் அப்படித்தான் செஞ்சேன். அதுக்கு இரும்பால ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரு அப்புறம் திட்டுனாரு, அது வேற. இந்தப் பொண்ணு கண்ணத் தொறந்து என்னப் பார்த்துச்சி, சாவியப் பார்த்துச்சி, சாவியோடயே மறுபடி இழுக்க ஆரம்பிச்சிச்சி. அப்பதான் எனக்கு அது டான்ஸுன்னு வெளங்குச்சி. ஆடி முடிச்சிட்டு வந்து ரெண்டு கையாலயும் சாவியக் குடுத்து தேங்க்ஸ் அங்கிள்னு சொன்னது பாரு, நல்லா வளத்திருக்காங்க. ஜெனிபர் மட்டும் என்னத் தெரியாத மாதிரி செவத்தப் பார்த்துக்கினு நின்னா.

அந்த எடத்த நடத்தறவங்க ராதிகான்னு ஒரு மேடம், நல்லா தமிழ் பேசறாங்க. ஜெனிபர ஆடச் சொல்லிப் பார்த்தாங்க. பார்த்துட்டு அவகிட்ட ஒண்ணும் சொல்லாம நேரா எங்கிட்ட வந்து, இவ வூட்ல எந்த எடத்துல ஆடுவான்னு கேட்டாங்க. ஹால்லதான், கட்டிலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுலன்னு சொன்னேன்.

"அதான் சார், கையை முழுசா நீட்டவே மாட்டேன்றா. எங்கனா இடிச்சிடும்னு ஒடம்பு நெனச்சிக்கிது," ன்னாங்க. அப்புறம் ஜெனிபர் பக்கம் திரும்பி, "இங்க ஒண்ணும் இடிக்காதும்மா. மறுபடி ஆடு," ன்னாங்க.

அக்கா, நாலு வருஷமா நான் தெனம் பார்க்கறேன், பிரிட்ஜு மேல இருக்கற டப்பா உழுதுன்னு தெனம் கத்தறேன். எம் பொண்ணு கைய மடக்கி ஆடறான்னு எனக்குத் தெரியவே இல்ல. அந்தக் கொட்டாவுல இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்கு அவ ஓடுனா. கையி ரெண்டும் எவ்ளோ நீளம் தெரியுமா அவளுக்கு. யாரோ பெத்த புள்ளைய பார்க்கற மாதிரி பார்த்துக்கினு ஒக்காந்திருந்தேன்.

அப்ப எனக்கு உன் ஞாபகம் வந்துச்சி. எண்பத்தேழுல கடலூர்ல மாவட்டப் போட்டி. நீ பிளஸ் டூ, நான் எட்டாவது. நம்ம அப்பா என்னத் தொணைக்கு அனுப்புனாரு, டேப் ரெக்கார்டர மடியில வெச்சிக்கினு வர்ற வேல எனக்கு. நீங்க நாலு பேரு ஆடிக்கினு இருக்கும்போது பாதியில பாட்டு இழுத்து இழுத்து நின்னுடுச்சி. மத்த மூணு பேரும் நின்னுட்டாங்க. நீ நிக்கல. பச்சப் பாவாடையில நீ ஒருத்தியா அவ்ளோ பெரிய மேடையில, சலங்க சத்தம் மட்டும் கேக்குது. பேட்டரி எப்படித் தீந்துச்சின்னு நீ பஸ்ல கேட்டப்ப தெரியலன்னு சொன்னேன். முந்தின நாள் மத்தியானம் பூரா நான்தான் பாட்டுக் கேட்டேன். அத இப்ப சொல்லிடறேன். உனக்கு மட்டும் தனியா ஒரு பரிசு குடுத்தாங்க. திரும்பி வரும்போது பண்ருட்டியில பலாச்சொள வாங்கிக் குடுத்த, எனக்குத்தான் ஜாஸ்தி குடுத்த.

அந்த மாசமே ரெண்டு கடிதம் வந்துச்சி. ஒண்ணு, அங்க நடுவரா வந்த அம்மா மெட்ராஸ்ல இருந்து போட்டது, தங்க எடம் குடுத்து டான்ஸ் சொல்லித் தர்றேன்னு. இன்னொண்ணு திண்டிவனம் மடத்துல இருந்து. நம்ம அப்பா, உன் இஷ்டம்மான்னுட்டாரு. நீ சேவியரக் கேக்கறேன்னு சொல்லி என்னக் கூப்ட. மெட்ராஸ் தூரம், நீ மடத்துக்கே போ, அங்கன்னா கிறிஸ்துமஸ் லீவு உண்டுன்னு நான் உன் தாவணியப் புடிச்சிக்கினு தரையில உருண்டு அழுதேன். நீ சிரிச்சிக்கினே சரின்ன. மடத்துக்குப் போன. ரெண்டாவது வருஷமே உன்ன ஒடிசாவுக்கு அனுப்பிட்டாங்க. பக்கத்துல இருக்கணும்னு நான் சொன்ன எடம் அவ்ளோ தூரத்துல போய் முடிஞ்சிச்சி. நீ ஆடி அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்ல. முப்பத்தெட்டு வருஷமா நீ லீவுக்கு வரும்போதெல்லாம் நான் அழுததாலதான் ஆட்டத்த வுட்டியான்னு கேக்கணும்னு நெனப்பேன், நீ ஜெபமாலைய உருட்டிக்கினு இருக்கறதப் பார்த்தா வாய் வராது.

இப்பவும் நான் மெட்ராஸ்னு சொல்றதுக்குக் காரணம் இட்லி இல்லக்கா. சனிக்கிழம கெளம்புனா ராத்திரி சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துடுவா. அதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. பதிமூணு வயசுல என்னா புத்தியோ அதே புத்தி. அதனாலதான் உன்னக் கேக்கறேன். நீ எந்த ஊருன்னு சொல்றியோ அந்த ஊரு. உனக்கு வருத்தம் இருந்துச்சின்னா அதையும் எழுது, நான் தாங்கிக்குவேன்.

மற்றபடி மடத்துப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவிக்கவும். தங்கள் ஆசீர் எங்கள் மூவர் தலைமீதும் இருக்கட்டும். அமலோற்பவம் முறுக்கு அனுப்பச் சொன்னாள், தபாலில் நொறுங்கும் என்று நான் அனுப்பவில்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
சே. சேவியர்ராஜ்

பின்குறிப்பு: கவர் ஒட்டறதுக்கு பசை தேடுனப்ப ஜெனிபர் இந்தக் கடிதத்த எடுத்து முழுசாப் படிச்சிட்டா. பெங்களூருக்கு வரேன்னு செவ்வாக்கிழமையே எழுதிப் போட்டுட்டாளாம். உங்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டாளாம். உங்கிட்ட வாட்ஸ்அப் இருக்குதுன்றதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். உங்கப்பன் கடிதம் எழுதுவான், எழுதி முடிக்கிற வரைக்கும் குறுக்கப் பேசாத, எழுதுனாத்தான் அவனுக்கு மனசு ஆறும்னு நீ சொன்னியாமே. அத வுடு. நீ மடத்துக்கு வர்றேன்னு எழுதிப் போட்டு ரெண்டு நாள் கழிச்சித்தான் நான் உருண்டு அழுதேனாம், எதுக்கும் தம்பியையும் ஒரு வார்த்த கேட்டு வெப்போம்னுதான் கூப்ட்டியாம். உங்க அத்தை அப்படியா சொன்னாங்கன்னு மூணு தடவ கேட்டேன். ஆமாம்பான்னு மூணு தடவையும் சொன்னா. கடிதத்தக் கிழிச்சிடலாம்னு பார்த்தேன், ஸ்டாம்பு ஒட்டிட்டேன். ஜூன் எட்டாந்தேதி அவளக் கூட்டிக்கினு போறேன். சாவிக் கொத்த வூட்லயே வெச்சிட்டு வரச் சொல்லியிருக்கா.